இருண்ட குங்ஃபூ படம்: எதிலிருந்து தொடங்கலாம்?

மொட்டை அடித்துக்கொண்டு, இரண்டு கையிலும் தண்ணீர் வாளி தூக்கி, படிப்படியாகப் பயிற்சி பெற்றுக் கடைசியில் வில்லனை ஜெயிக்கும் ஷாவோலின் படங்களைப் பார்த்து முடித்தவர்களுக்கு ஒரு கட்டத்தில் வேறொரு பசி வரும். எல்லாம் நல்லபடியாக முடிந்தது போதும், நாயகன் ஜெயித்தும் நமக்கு மனது ஆறாத படம் ஒன்று வேண்டும் என்று தோன்றும். 1960களின் பிற்பகுதியிலிருந்து 80களின் நடுப்பகுதி வரை ஹாங்காங்கில் அப்படிப்பட்ட படங்கள் வண்டி வண்டியாக வந்தன. அதனாலேயே எதை எடுப்பது என்று குழப்பம். தப்பான படத்தில் ஆரம்பித்தால், "சிவப்புப் பெயின்டை ஊற்றி விளையாடியிருக்கிறார்கள்" என்று அரை மணி நேரத்தில் அணைத்துவிட்டுப் போய்விடுவோம்.

ஐந்து படங்களை எடுத்துக்கொள்கிறேன். சாங் செ இயக்கிய 'வெஞ்சன்ஸ்' (1970). அவரே பாவோ ஷுயே-லியோடு சேர்ந்து இயக்கிய 'தி பாக்ஸர் ஃப்ரம் ஷாண்டுங்' (1972). மறுபடியும் அவருடைய 'கிரிப்பிள்டு அவெஞ்சர்ஸ்' (1978). ஜிம்மி வாங் யூ இயக்கி நடித்த 'மாஸ்டர் ஆஃப் தி ஃப்ளையிங் கில்லட்டின்' (1976). லாவ் கார்-லியுங் இயக்கிய 'தி எய்ட் டயகிராம் போல் ஃபைட்டர்' (1984). கில்லட்டின் படத்தைத் தவிர மற்ற நான்கும் ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் ஸ்டூடியோவின் தயாரிப்பு. ஆங்கிலப் பெயர்களையே தருகிறேன். தேடும்போது அப்படித்தான் கிடைக்கும்.

என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன்: போல் ஃபைட்டர். ஏன் அது, யாருக்கு அது சரிப்படாது என்பதுதான் மீதி.

சாங் செயைத் தொடாமல் இந்த வகைப் படங்களைப் பற்றிப் பேச முடியாது. அவர் வருவதற்கு முன் ஷா பிரதர்ஸின் பெரிய வெற்றிகள் பெரும்பாலும் பாட்டுப் படங்களும் காதல் கதைகளும்தான். பெண்கள்தான் அவற்றின் நட்சத்திரங்கள். 1967இல் சாங் செ ஜிம்மி வாங் யூவை வைத்து எடுத்த ஒற்றைக்கை வாள்வீரன் படம் ஹாங்காங்கில் பத்து லட்சம் ஹாங்காங் டாலர் வசூலைத் தாண்டியது. அதே வருடம்தான் ஹாங்காங் தெருக்களில் கலவரமும் குண்டு வெடிப்புகளும் ஊரடங்கும். கோபத்தோடு திரிந்த இளைஞர்களுக்கு, கை போனாலும் சண்டையை விடாத ஒருவன் திரையில் கிடைத்தான். அதன் பிறகு சாங் செயின் படங்களில் பெண்கள் ஓரத்துக்குப் போனார்கள். மேல்சட்டை இல்லாத ஆண்கள், வயிற்றில் காயம், காயத்தின் மேல் இறுக்கிக் கட்டிய வெள்ளைத் துணி, அந்தத் துணி மெல்லச் சிவப்பாவது எல்லாம் நடுவே வந்தன. அவருடைய நாயகன் எப்போது சாவான் என்பது நமக்கு முதல் பாதியிலேயே தெரிந்துவிடும். தெரியாதது, குத்துப்பட்ட பிறகு இன்னும் எத்தனை நிமிடம் நிற்பான் என்பதுதான். அந்த நிமிடங்களுக்காகவே படம் ஓடுகிறது.

'வெஞ்சன்ஸ்' அந்தச் சூத்திரத்தின் சுத்தமான வடிவம். மேடையில் சீன ஓபரா நடிகர் ஒருவர், குடல் சரிந்தும் போரிடும் வீரனாக நடிக்கிறார். நடிப்பது டி லுங். அவர் மனைவி மேல் கண் வைத்த உள்ளூர்ப் பெரிய மனிதரைக் கோபத்தில் மிரட்டிவிட்டு வருகிறார். அதற்கு விலையாக ஒரு தேநீர்க் கடையில் அவரைச் சூழ்ந்துகொண்டு கண்ணைப் பிடுங்கி வெட்டுகிறார்கள். அந்தக் கொலையையும் மேடையில் அவர் நடித்த சாவையும் சாங் செ மாற்றி மாற்றி, மெதுவாக ஓடும் காட்சிகளாகக் காட்டுகிறார். பிறகு தம்பி டேவிட் சியாங் ஊருக்குள் வந்து ஒவ்வொருவராகக் கணக்குத் தீர்க்கிறார். கடைசியில் போட்டுக்கொண்டு வருவது முழு வெள்ளை உடை. எதற்கு வெள்ளை என்று சொல்ல வேண்டியதில்லை.

பார்க்க அழகான படம். ஆனால் முதல் படமாக நான் பரிந்துரைக்க மாட்டேன். சண்டைகளில் கலையைவிடக் கத்திதான் அதிகம். குங்ஃபூவை எதிர்பார்த்து உட்காருபவர் ஏமாந்துபோவார். கதையும் ஒரே கோட்டில் போகிறது. அண்ணன் செத்தான், தம்பி கொல்கிறான், அவ்வளவுதான். பழைய துப்பறியும் படங்களின் நிழல்களும் நிதானமும் பிடித்தவர்களுக்கு மட்டும் இதுவே முதல் தேர்வாக இருக்கலாம்.

'பாக்ஸர் ஃப்ரம் ஷாண்டுங்' வேறு விஷயம். இதன் நாயகன் மா யோங்-சென் கற்பனை ஆள் கிடையாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஷாண்டுங்கிலிருந்து ஷாங்காய்க்கு வந்து, அங்கே ஒரு தேநீர்க் கடையில் வெட்டிக் கொல்லப்பட்டவர். படம் அவரைப் பிந்தைய காலத்து ஷாங்காய்க்கு நகர்த்தி, கையில் காசில்லாமல் கூலி வேலைக்கு வந்த ஊர்க்காரனாக்குகிறது. அவன் நகரத்தில் முதலில் கவனிப்பது ஒரு தாதாவை. குதிரை வண்டி, நல்ல உடை, நீளமான சிகரெட் ஹோல்டர். தாதாவாக வருவது டேவிட் சியாங். சில காட்சிகள்தான், ஆனால் படம் முழுக்க அவர் வாசனை அடிக்கிறது. அந்த சிகரெட் ஹோல்டரைப் போல ஒன்று தனக்கும் வேண்டும் என்பதுதான் மாவின் லட்சியம். மாவாக நடித்த சென் குவான்-தாய்க்கு இது முதல் நாயக வேடம். நிஜமாகவே சண்டை தெரிந்தவர். அவர் குத்தும்போது தோளிலிருந்து எடை வருவது தெரியும்.

படத்தின் பலம் அந்த ஏறுமுகம்தான். மா நல்லவன். ஏழைகளிடம் மாமூல் வாங்காதே என்று தன் ஆட்களிடம் சொல்கிறான். ஆனால் ஒரு தெருவைப் பிடித்தபின் அடுத்த தெரு, அதற்கடுத்து இன்னொன்று. அவனை முதலில் நல்ல கண்ணோடு பார்த்த பாடகி, இவனும் மற்றவர்களைப் போலத்தான் என்று புரிந்து விலகிப் போகிறாள். நம் ஊர் தாதா படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பாதை மனப்பாடம். முடிவுதான் யாரையும் உலுக்கும். எதிரியின் தேநீர்க் கடைக்குப் பேச்சுவார்த்தைக்குப் போகிறான். வயிற்றில் ஒரு கைக்கோடரி இறங்குகிறது. அதைப் பிடுங்காமலேயே, அதைச் சுமந்துகொண்டே, மேலும் கீழுமாக இரண்டு மாடியிலும் கோடரிக் கூட்டத்தோடு அடித்துக்கொள்கிறான். அது நீளமான காட்சி. ஒரு கட்டத்தில் 'போதும், விழுந்துவிடப்பா' என்று நமக்கே தோன்றும். அவன் விழ மாட்டான். இந்தப் படத்தில் உதவி இயக்குநராக வேலை பார்த்தவர் ஜான் வூ. பிற்காலத்தில் அவர் படங்களில் இரண்டு கையிலும் துப்பாக்கியோடு, உடம்பெல்லாம் குண்டு வாங்கியும் சாயாத ஆட்களைப் பார்க்கும்போது இந்தத் தேநீர்க் கடை நினைவுக்கு வரும்.

குறை, நீளம். இரண்டு மணி நேரத்துக்கும் மேல். நடுவில் ஒரு மல்யுத்தப் பந்தயம், தெரு அரசியல் என்று சுற்றி வரும். அவசரக்காரர்கள் அங்கே கழன்றுகொள்வார்கள்.

(ஒரு சின்ன எச்சரிக்கை: இந்தப் படங்களில் நாயகன் தேநீர்க் கடைக்குள் நுழைகிறான் என்றால் நிமிர்ந்து உட்காருங்கள். டீ குடித்துவிட்டு வெளியே வந்த நாயகர்கள் குறைவு.)

'கிரிப்பிள்டு அவெஞ்சர்ஸ்' பெயரிலேயே இன்றைக்கு முகம் சுளிக்க வைக்கும் படம். கதையும் கொடூரமானது. ஒரு பெரிய மனிதர் வீட்டில் புகுந்த எதிரிகள் அவர் மனைவியைக் கொன்று, சிறுவனான மகனின் இரண்டு கைகளையும் வெட்டிவிடுகிறார்கள். அப்பா மகனுக்கு இரும்புக் கைகள் செய்து மாட்டி வளர்க்கிறார். இதுவரை கேட்டால் மகன்தான் நாயகன் என்று நினைப்போம். இல்லை. வளர்ந்த மகனும் அப்பாவும் ஊருக்கே எமனாகிறார்கள். எதிர்த்துப் பேசிய ஒருவனின் கண்ணைப் பறிக்கிறார்கள். ஒரு கொல்லனின் காதையும் பேச்சையும் பறிக்கிறார்கள். ஒருவனின் கால்களை வெட்டுகிறார்கள். நியாயம் கேட்க வந்தவனின் மண்டையை நெருக்கிப் புத்தி பேதலிக்க வைக்கிறார்கள். இந்த நால்வரும் சேர்ந்து குங்ஃபூ கற்றுக்கொண்டு திரும்பி வருவதுதான் மீதி.

இவ்வளவு சொன்ன பிறகு நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் ஐந்தில் மனதுக்கு மிக லேசான படம் இதுதான். அப்பா வேடத்தில் அதே சென் குவான்-தாய். ஷாண்டுங் படத்தில் அத்தனை நேசித்த ஆளை இங்கே வெறுக்க வேண்டியிருக்கிறது. நால்வரும் அவர்களுடைய எதிரியான இரும்புக்கை மகனும் ரசிகர்கள் 'வெனம்ஸ்' என்று அழைக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களில் குவோ சூய், லு ஃபெங், சியாங் ஷெங் மூவரும் தைவானில் பீகிங் ஓபரா, அதாவது பாட்டோடு குட்டிக்கரணமும் சண்டையும் கலந்த மேடை நாடகப் பயிற்சி பெற்று வந்தவர்கள். அதனால் இரண்டாம் பாதி முழுக்க உடம்பு செய்யும் வித்தைகளின் திருவிழா. கடைசிச் சண்டையில் இரும்பு வளையங்களோடு அவர்கள் சுழல்வதைப் பார்த்தால் முதல் பாதியின் கொடூரமே மறந்துபோகும். அதுதான் என் புகாரும். பாதிக்கப்பட்டவனே பாதிப்பை உண்டாக்குபவனாக மாறுகிறான் என்ற அருமையான முடிச்சைப் போட்டுவிட்டு, அதை அவிழ்க்க மறந்து குட்டிக்கரணம் போடப் போய்விடுகிறது படம். நண்பர்களோடு சேர்ந்து பார்க்கச் சரியான தேர்வு; இருட்டைத் தேடி வந்தவருக்கு அரைகுறைதான்.

'மாஸ்டர் ஆஃப் தி ஃப்ளையிங் கில்லட்டின்' விஷயத்தில் நான் கொஞ்சம் பாரபட்சமானவன். சங்கிலியின் நுனியில் தொப்பி போல ஒரு கருவி. எறிந்தால் தலையில் கவிழும், இழுத்தால் தலை கையோடு வரும். இதை வைத்திருப்பவர் பார்வையற்ற கிழவர். தன் சீடர்கள் இருவரைக் கொன்ற ஒற்றைக்கைக்காரனைத் தேடி வருகிறார். அந்த ஒற்றைக்கைக்காரன்தான் நாயகன், ஜிம்மி வாங் யூ. கண் தெரியாததால் வழியில் அகப்பட்ட இன்னொரு ஒற்றைக்கைக்காரனின் தலையையும் எடுத்துவிடுகிறார். நடுவில் ஒரு சண்டைப் போட்டி. அதில் தலைப்பாகையோடு ஓர் 'இந்திய யோகி'. அவர் கைகள் ரப்பர் போல நீள்கின்றன. முகத்துக்குச் சாயம் பூசிய சீன நடிகர் என்பது நமக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும். சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வரும். 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' விளையாட்டில் கை நீட்டி அடிக்கும் தால்சிமுக்கு இவர்தான் மூதாதை என்று ரசிகர்கள் சொல்வதை நம்பலாம் போலத்தான் இருக்கிறது.

வேடிக்கைக்கு அடியில் கவனிக்க ஒன்று உண்டு. நாயகன் எந்தச் சண்டையையும் நேர்மையாக ஜெயிப்பதில்லை. வெறுங்காலோடு சண்டை போடும் தாய்லாந்து வீரனை இரும்புத் தரை போட்ட குடிசைக்குள் வரவழைத்து, அடியில் தீ மூட்டுகிறான். கிழவரைச் சவப்பெட்டிக் கடைக்குள் இழுத்து, பார்வையில்லாதவர் தப்பிக்க முடியாதபடி பொறி வைக்கிறான். சீடர்களைப் பறிகொடுத்த கிழவரின் துக்கம் நிஜம். நாயகனின் தந்திரம் குரூரம். யார் பக்கம் நிற்பது என்று படம் நம்மைக் கேட்பதில்லை, அதற்கு அந்தக் கவலையே இல்லை. மேலே ஜெர்மனியின் 70களின் ராக் இசை வேறு உறுமிக்கொண்டிருக்கும். இரவு பதினோரு மணிக்கு, மூளையைக் கொஞ்சம் ஓரம் வைத்துவிட்டுப் பார்க்க இதைவிடப் பொருத்தமான படம் கிடையாது.

சரி, போல் ஃபைட்டருக்கு வருவோம்.

லாவ் கார்-லியுங் சாங் செயிடம் வருடக்கணக்கில் சண்டை அமைப்பாளராக இருந்தவர். ஷாண்டுங் படத்தின் கோடரிச் சண்டையை அமைத்தவர்களில் அவரும் ஒருவர். ஹங் கா என்ற தென்சீனக் குங்ஃபூ பாணியில் அவருடைய குரு பரம்பரை அப்பா வழியாக லாம் சாய்-விங்கிடமும், அங்கிருந்து அவருடைய குருவான, புகழ்பெற்ற வோங் ஃபெய்-ஹுங்கிடமும் போகிறது. 70களின் நடுவில் சாங் செயிடமிருந்து பிரிந்து சொந்தமாக இயக்கத் தொடங்கியபின் அவர் எடுத்த படங்களின் குணமே வேறு. அவற்றில் குங்ஃபூ என்பது ஒழுக்கம், மரியாதை, அடக்கம். சீனக் கணவனும் ஜப்பானிய மனைவியும் மோதிக்கொள்ளும் 'ஹீரோஸ் ஆஃப் தி ஈஸ்ட்' (1978) படத்தில் ஒருவர்கூடச் சாவதில்லை. ரத்தத்தில் அவ்வளவாக நம்பிக்கையில்லாத அந்த மனிதர்தான் இந்த ஐந்தில் மிக ஆத்திரமான படத்தை எடுத்திருக்கிறார்.

சீனாவை ஆண்ட சோங் வம்சத்துக்காகப் போரிட்ட யாங் குடும்பத்தின் கதை இது. சீனர்களுக்கு மேடையிலும் நாவலிலும் நூற்றாண்டுகளாகத் தெரிந்த கதை. அப்பாவும் ஏழு மகன்களும் போருக்குப் போகிறார்கள். சொந்தத் தரப்புத் தளபதியே காட்டிக்கொடுக்கிறான். படம் தொடங்கிய சில நிமிடங்களில் அப்பாவையும் ஐந்து பிள்ளைகளையும் அந்தக் குடும்பம் இழந்துவிடுகிறது. போர்க்களம் என்று தனியாக எதுவும் இல்லை, புகை போட்ட ஸ்டூடியோ தளம் அப்பட்டமாகத் தெரிகிறது. அதனாலேயே அது கெட்ட கனவு போல இருக்கிறது. ஆறாவது மகன் புத்தி பேதலித்து வீடு திரும்புகிறான். ஐந்தாவது மகன் கார்டன் லியு, ஒரு வேடனின் உயிரைப் பலிகொடுத்துத் தப்பி (வேடனாக வருவது இயக்குநரேதான்) ஒரு பௌத்த மடத்துக்கு ஓடுகிறான். துறவியாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறான். இவ்வளவு கோபம் உள்ளவனுக்கு இங்கே இடமில்லை என்கிறார் தலைமைத் துறவி. அவனே தன் தலையை மழித்து, துறவிகளுக்கு இடும் நெருப்புச் சூட்டை அவனே தன் தலையில் போட்டுக்கொள்கிறான். ஷாவோலின் படங்களில் மொட்டை அடிப்பது ஒரு புதுத் தொடக்கம். இங்கே அது ஒருவன் தன்னைத்தானே தண்டித்துக்கொள்வது. வேறு படங்களில் சிரிப்பும் பொறுமையுமாகப் பார்த்த அதே கார்டன் லியுவின் முகத்தில் இதைப் பார்ப்பது கஷ்டமாக இருக்கிறது.

மடத்தில் கம்புப் பயிற்சி. உயிரைக் கொல்லக் கூடாது என்பது துறவிகளின் விரதம். அதனால் மரத்தில் செய்த ஓநாய் பொம்மைகளை வைத்து, கம்பால் அவற்றின் பல்லை மட்டும் பெயர்க்கப் பழகுகிறார்கள். கொல்லாதே, கடிக்க முடியாமல் செய். கேட்க எவ்வளவு சாந்தமான தத்துவம்! கடைசிச் சண்டையில் அந்தத் தத்துவத்தை மனிதர்கள் மேல் பிரயோகிக்கும்போதுதான் அதன் அர்த்தம் தெரியும். சத்திரம் ஒன்றில் அடுக்கிய சவப்பெட்டிகள், சிறைபிடிக்கப்பட்ட தங்கை, எதிரிகளின் வளைந்து சுற்றிக்கொள்ளும் கோல்கள், ஓடி வந்து சேரும் துறவிகள். விரதத்தை மீறாமலேயே அவர்கள் செய்வது ஒரு சாதாரணக் கொலையைவிடப் பார்க்கக் கூசுகிறது. சிலம்பம் தெரிந்தவர்கள் இந்தப் படத்தை எப்படியும் பார்க்க வேண்டும். வீச்சு, தடுப்பு, காலடி எல்லாம் வெட்டாமல் முழுசாகத் தெரியும். நின்று பார்த்து வாதம் செய்யலாம்.

படத்துக்கு வெளியே நடந்த ஒன்றும் உள்ளே கலந்துவிட்டது. ஆறாவது மகனாக நடித்த அலெக்ஸாண்டர் ஃபூ ஷெங் படப்பிடிப்பு முடிவதற்குள், 1983 ஜூலையில், கார் விபத்தில் இறந்தார். வயது 28. கதையை மாற்றினார்கள். கடைசியில் சண்டைக்கு வர வேண்டிய அண்ணனுக்குப் பதிலாக எட்டாவது பிள்ளையான தங்கை வருகிறாள். காரா ஹுய் அதை அருமையாகச் செய்திருக்கிறார். கதையாக யோசித்தால் ஓட்டைதான், ஆறாவது மகன் பாதியில் காணாமல் போகிறான். ஆனால் சகோதரர்களை ஒவ்வொருவராக இழக்கும் குடும்பத்தின் கதையில், இன்னொருவன் சொல்லாமல் கொள்ளாமல் மறைவது ஓட்டையாகத் தோன்றவில்லை. வீட்டுக்குள் வெறிபிடித்து, வந்தவர்களையெல்லாம் எதிரி என்று நினைத்து அவர் அலறும் காட்சிகள் அவருடைய கடைசிக் காட்சிகள் என்று தெரிந்து பார்க்கும்போது நடிப்பு என்று தள்ளிவைக்க முடியவில்லை.

இப்போது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சாங் செயின் படங்களில் பழிவாங்குவதற்கு விலை உயிர். நாயகன் அதைக் கொடுத்துவிடுகிறான், நமக்கும் ஒரு நிறைவு கிடைத்துவிடுகிறது. லாவ் தன் நாயகனுக்கு அந்த வசதியைக் கொடுப்பதில்லை. அவன் ஜெயிக்கிறான், பிழைக்கிறான், ஆனால் தங்கையோடு வீட்டுக்குப் போவதில்லை. அம்மா காத்திருக்கும் வீடு அது. அதையும் விட்டுவிட்டு நடக்கிறான். வயிற்றில் கோடரியோடு நிற்பவனைவிட இவன்தான் எனக்கு இருட்டாகத் தெரிகிறான். படமும் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். வீணான காட்சி இல்லை.

யாருக்குச் சரிப்படாது? கதையில் ஏற்ற இறக்கமும் நகைச்சுவையும் வேண்டும் என்பவர்களுக்கு. தொடக்கத்தில் பெயர்களும் உறவுகளும் மளமளவென்று வந்து விழுவதால் முதல் பத்து நிமிடம் குழப்பமாகவும் இருக்கும். ஏழு பிள்ளைகள் போனார்கள், இரண்டு பேர் மிச்சம், காட்டிக்கொடுத்தவன் சொந்த நாட்டுக்காரன் என்று மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இனி நடைமுறை விஷயங்கள். எந்த மொழியில் பார்ப்பது என்று பெரிய சண்டையே நடக்கும். அந்தக் காலத்து ஷா படங்களில் வசனத்தைப் படப்பிடிப்பில் பதிவு செய்யவில்லை, பிறகுதான் டப்பிங் செய்தார்கள். ஆகவே மாண்டரின் சீன மொழியில் பார்த்தாலும் உதடு ஒட்டாது. கில்லட்டினையும் கிரிப்பிள்டு அவெஞ்சர்ஸையும் பழைய ஆங்கில டப்பிங்கில் தாராளமாகப் பார்க்கலாம். அந்தக் கரகரப்பும் ஒரு சுவை. ஷாண்டுங், போல் ஃபைட்டர் இரண்டையும் மாண்டரினில், துணைவசனத்தோடு பாருங்கள். ஆங்கில டப்பிங் துக்கத்தைக் கேலிக்கூத்தாக்கிவிடும். 2000களில் ஷா படங்களைச் சீர்செய்து வெளியிட்டார்கள். அந்தப் பிரதிகளில் நிறமும் அகலத்திரையும் ஒழுங்காக இருக்கின்றன. இரு பக்கமும் வெட்டிய பழைய பிரதியில் கம்புச் சண்டையைப் பார்ப்பது வீண், கம்பின் முனை திரைக்கு வெளியே போய்விடும்.

ரத்தம் ஆகாது என்பவர்களுக்கு: ஐந்திலும் ரத்தம் பெயின்ட் போலத்தான் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது கண், பல் சம்பந்தப்பட்ட காட்சிகளுக்கு. கண் என்றால் கூசுபவர்கள் வெஞ்சன்ஸையும் கிரிப்பிள்டு அவெஞ்சர்ஸையும் தவிர்க்கலாம். பல் மருத்துவரிடம் போகவே நடுங்குபவர்கள் போல் ஃபைட்டரின் கடைசிக் கால் மணி நேரத்துக்குத் தயாராக இருக்கட்டும். பெண்களுக்குக் கதையில் கொஞ்சமாவது இடம் வேண்டும் என்றாலும் போல் ஃபைட்டர்தான். சாங் செயிடம் அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். பிள்ளைகளோடு பார்க்க ஐந்தில் ஒன்றும் தேறாது.

முதலில் போல் ஃபைட்டர், ஒரு வாரம் விட்டு ஷாண்டுங், அப்புறம் நண்பர்கள் வரும் நாளில் கில்லட்டின். வெஞ்சன்ஸும் கிரிப்பிள்டு அவெஞ்சர்ஸும் அதன் பிறகு எந்த வரிசையில் வந்தாலும் பரவாயில்லை. இவையெல்லாம் முடிந்து இன்னும் இருட்டாக வேண்டும் என்றால் குவெய் சி-ஹுங் இயக்கிய 'கில்லர் கான்ஸ்டபிள்' (1980) இருக்கிறது. கறாராகப் பேசினால் அது குங்ஃபூ படமல்ல, வாள் படம். பிடிக்கப் போகும் ஆளைக் கைது செய்வதைவிட வெட்டிப்போடுவதையே சட்டம் என்று நினைக்கும் ஓர் அதிகாரியைப் பற்றியது. சென் குவான்-தாய்தான் அதிலும். அதைத் தனியாக, வேறு வேலை எதுவும் இல்லாத இரவில் பாருங்கள். சாங் செயின் 'ஃபைவ் எலிமென்ட் நிஞ்ஜாஸ்' (1982) படத்தை யாராவது முதலில் பார்க்கச் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். சண்டை போடுபவன் தன் குடலைத் தானே மிதிக்கும் படம் அது. இந்த வகைப் படங்கள் பழகியபின் பார்த்தால் குஷியாக இருக்கும், பழகும் முன் பார்த்தால் மற்ற ஐந்தையும் தொடவே மாட்டீர்கள்.